சாமுராய் உட்கார்ந்த விதம்

முதுகலை ஆய்வேட்டுக்காக அப்போது ஜப்பானியப் போர்வீரர்களின் பழைய ஒளிப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிப்படக்கருவி ஜப்பானுக்கு வந்த சில பத்தாண்டுகளில் சாமுராய்கள் வாள் தரிக்கும் உரிமையை இழந்தார்கள். தொடைமேல் ஊன்றிய மடக்கு விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் வாள், சிரிக்காத வாய் என்று அப்படங்களில் எல்லாமே வாக்குமூலங்கள். அக்காலக் கண்ணாடித் தட்டுகளில் உருவம் இடவலம் மாறி விழும். அதை அறிந்த சிலர், படத்தில் சரியாகத் தெரியட்டும் என்று இடப்பக்க வாளை வலப்பக்கம் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தாம் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்நாட்களில்தான் செங்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் படம் கேட்டார்கள். அம்மா என்னைத் தென்காசியில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனாள். பின்திரையில் ஐந்தருவி அசலைவிட நீலமாகக் கொட்டியது. ஸ்டூடியோக்காரர் என் கையில் பிளாஸ்டிக் ரோஜாக்கொத்தைத் திணித்தார்.

"தலையை லேசா சாச்சுக்கோங்க தங்கச்சி. பூவைப் பாத்துச் சிரிங்க. கன்னத்துத் தழும்பை கம்ப்யூட்டர்ல எடுத்துருதேன்."

இந்தப் படத்தில் வேறொருத்தியாகிவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க அவளாகவே நடிக்க வேண்டியிருக்கும்.

"தழும்பு இருக்கட்டும் அண்ணாச்சி" என்று கொத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதுகை நிமிர்த்தி, பாதங்களை அகல ஊன்றி, முழங்கால்கள்மேல் கைகளை வைத்து, லென்ஸை நேராகப் பார்த்தேன்.

"ஏட்டி, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கோமா, சண்டைக்குப் போறோமா? கொஞ்சம் சிரி!" என்றாள் அம்மா.

"வீட்டு ஹால்ல அப்பா போலீஸ் உடுப்புல இருக்க படத்துல சிரிக்காங்களா?"

"அவுக ஏட்டையா. அவுகளுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"எனக்கு மட்டும் எதுக்கும்மா?"

ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அம்மா வாயெடுப்பதற்குள் விளக்கு மின்னியது.

அந்தப் படம்தான் போயிற்று. மறுநாள் தரகர் போனில் அழைத்தார். "பொண்ணு முறைக்குதேன்னு கேக்காங்க. வேற படம் இருக்கா?"

அம்மா தயங்கினாள். நான் போனை வாங்கினேன். "வேற படம் இல்லை. நேர்ல வந்தாலும் இப்படித்தான் இருப்பேன்."

அவர்கள் வரவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த வரனுக்கும் அதே படத்தையே அனுப்பினாள். அனுப்பும்முன், "இந்த முறைப்பு எங்கன இருந்து வந்துச்சோ" என்று ஹாலில் தொங்கிய ஏட்டையாவைப் பார்த்துக் கேட்டாள்.