கம்பளிக்கு அடியில் கி-வோனின் சோறு

தலை நிறையக் கறுப்புச் சாயத்தை அப்பிக்கொண்டு, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, எள் வறுக்கும் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் தோக்-சிம். வருஷத்தில் ஒரு நாள்தான் இந்த அலங்காரமெல்லாம். மற்ற நாட்களில் வெள்ளைத் தலைதான், அதையும் ஒழுங்காக வாருவது கிடையாது.

"என்னக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களா?" என்று வழக்கம்போல் வாயைக் கொடுத்தேன்.

"போடா, கருவாட்டு மூஞ்சி! எங்கண்ணனுங்க வர்ற நாளு. ஒம்பது வயசுல பாத்த தங்கச்சிடா நானு. இந்தத் தலையோட நின்னா, யாரோ கெழவி, வீடு மாறி வந்துட்டோம்னு அப்படியே திரும்பிப் போயிடுவாங்க."

முக்கோ துறைமுகச் சந்தையில் அவருடையது எண்ணெய்க் கடை. ஒட்டினாற்போல் என் கருவாட்டுக் கடை. என் சரக்கின் நாற்றம் தன் எண்ணெயில் ஏறுகிறது என்று இந்த முப்பது வருஷமாகத் தினமும் ஒரு பாட்டம் திட்டுவார். யார் எள் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு பிடி அள்ளி முகர்வார். பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் காலால் தள்ளி, "இத ஆட்டினா என் செக்கு அழும், எடுத்துட்டுப் போ" என்பார். ஆனாலும் ஊரே அவரிடம்தான் வருகிறது. எள் பொரியும் சத்தத்தை வைத்தே இறக்க வேண்டிய பக்குவம் அவருக்குத் தெரியும். நடுவில் யாராவது பேசினால் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான், வாயை மூடிவிட வேண்டும்.

செத்தவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு வைக்கும் படையல் நாளன்று மதியமே முற்றத்தில் கட்டியிருக்கும் துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்துவிடுவார். வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதாம். மிளகாய், பூண்டு எதுவும் அன்று சமையல் கட்டில் தலைகாட்டாது, ஆவிகளுக்கு அது ஆகாதாம்.

அண்ணன்கள் இருவர். மூத்தவன் கி-வோன், இளையவன் கி-தே. வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்ததும் மூத்தவனைப் படைக்கு எடுத்தார்கள். அண்ணன் இல்லாத வீட்டில் இருக்க முடியாது என்று இளையவன் பின்னாலேயே ஓடி, அடம்பிடித்து அதே படைப்பிரிவில் சேர்ந்துகொண்டான். அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் வடக்கே ஒரு மலையில் நடந்த சண்டையோடு இருவர் கதையும் முடிந்தது. கி-தேயின் உடலைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். கி-வோனைப் பற்றி வந்த சேதி, 'காணவில்லை' என்பது மட்டும்தான்.

அம்மாக்காரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காணவில்லை என்றால் செத்தான் என்று அர்த்தமா? ஆகவே ஒவ்வொரு வருஷமும் படையல் மேசையில் கி-தேவுக்கு மட்டும்தான் சோறு, அதில், செத்தவர்களுக்குச் செய்வதுபோல், குத்தி நிறுத்திய கரண்டி. கி-வோனின் சோறு வேறு இடத்தில் இருக்கும். மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தில், கீழே அடுப்புச் சூடு ஓடும் தரையின் மூலையில், கம்பளிக்கு அடியில். வெளியூர் போன பிள்ளைக்குச் சோறு ஆறாமல் எடுத்து வைப்பதுபோல. அம்மா போன பிறகு தோக்-சிம் அதைத் தொடர்ந்தார். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுச் சாவுக்குப் படைப்பதாவது என்று புருஷன் வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்த முகத்தோடே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், இவர் நிறுத்தவில்லை.

"அரிசி குக்கர்லயே சூடாத்தானே இருக்கும், எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எங்கண்ணன் குக்கரக் கண்டானா? நேரா வந்து கம்பளிக்கு அடியிலதான் கைய விடுவான்."

கி-வோன் வராததால், மறுநாள் காலை அந்தச் சோறு எனக்கு வந்துவிடும், மேலே தாராளமாக எள்ளெண்ணெய் ஊற்றி. பெண்டாட்டி இல்லாதவன், மறுக்க நான் என்ன முட்டாளா?

போன வருஷம் இரண்டு ராணுவப் பையன்கள் வந்தார்கள். பழைய போர்க்களங்களில் எலும்பு தேடி எடுக்கிறவர்கள். உறவுக்காரரின் எச்சிலைப் பஞ்சில் தொட்டு எடுத்துப்போனால், கிடைத்த எலும்பு யாருடையது என்று சொல்லிவிடுவார்களாம். இவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு சந்தை வாசல்வரை அவர்களைத் துரத்தினார். திரும்பி வந்து என் கடை வாசலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கிறவனுக்குப் படையல் வெச்சா நானே அவனக் கொன்ன மாதிரிடா. செத்துட்டான்னா, இத்தன வருஷமும் என் அண்ணன் பட்டினி. பக்கத்துல தம்பி சாப்பிட, இவன் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருக்கான். எதைடா நான் நம்பறது?"

இப்படிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும். "வாயில பல்லு மிச்சம் இருக்கிறப்பவே போய்த் திறந்து காட்டிட்டு வாக்கா! நீயும் போயிட்டா அப்புறம் யாரு எச்சிய எடுப்பாங்க?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பேருந்து ஏறிப் போய், அந்தப் பையன்கள் முன் ஆவென்று வாயைத் திறந்துவிட்டு வந்தார்.

வசந்தத்தில் பதில் வந்தது. கி-தேயை எடுத்த அதே சரிவில், சற்றுக் கீழே கிடைத்த எலும்புகள் கி-வோனுடையவைதான். அன்று அவர் கடையில் எள் கருகியது. நான் பார்க்க அவர் கடையில் எள் கருகியது அந்த ஒரு நாள்தான். சட்டி புகையப் புகைய அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார்.

"கூப்பிடு தூரம்டா! தம்பிய விட்டுட்டு எங்கயும் போகல பாத்தியா, எங்கண்ணன்!"

ராணுவக் கல்லறையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. இந்த வருஷப் படையலுக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டார். "அவன் சோத்த இத்தன வருஷம் தின்னவன் நீதானே, வந்து கும்பிடு" என்றார். மேசையில் இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி. கி-வோனின் கரண்டியை அவரே சோற்றில் குத்தி நிறுத்தினார். அரிசி மது ஊற்றினோம், விழுந்து கும்பிட்டோம், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். அவர்கள் சாப்பிடும்போது யாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. நாலு வாய் உண்ணும் நேரம் பொறுத்து, வெளியிலிருந்து மூன்று முறை இருமி, சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று தெரிவித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

பொழுது சாய்ந்துவிட்டது. கடற்காற்று எலும்பைத் தொட்டது. பொறுமை என்பதே இல்லாத பெண்பிள்ளை, மற்ற வருஷங்களில் கதவைச் சாத்திய கையோடு இருமிவிடுவார். இன்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, சூப்பு ஆறிடும்."

"ஆறட்டும்."

"நாலு வாய் என்ன, நானூறு வாய் ஆயிருக்கும்."

"சும்மா இருடா. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டு எத்தன வருஷம் ஆச்சு? பேசிக்கட்டும்."

வாழ்நாள் முழுக்க சிகரெட் பிடித்தவன் நான். அந்தக் குளிரில் தொண்டை கரகரத்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இருமல் மேலே கிளம்பிய நேரத்தில் சட்டென்று எட்டி, எண்ணெய் வாசம் வீசும் உள்ளங்கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினார் தோக்-சிம்.