கோலப்பன் கடிதங்களுக்குப் பசை தடவாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை, ஒரு சர்க்கார் மேஜை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, "எடுக்க மாட்டேன்" என்று சொன்னேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்தில் நின்ற என் மகள் சந்திரா அப்படியொரு பார்வை பார்த்தாள். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் யாராவது புகுந்தால்கூட இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுக்கிறவள் நான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேசுகிறீர்களே என்று கேட்பீர்கள். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்ப்பதில்லையே... அதனால் வருகிற தைரியம் இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் படக்கதை வரைந்தவர். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும் — 'கண்டக்டர் கோலப்பன்'. குள்ளமான ஆள், தோளில் தன்னைவிடப் பெரிய பை, காதில் பென்சில். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் வாரம் ஒரு வம்பு. மதுரையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் பல வருஷம் ஓடியது. பிள்ளைகள் அந்தப் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார்கள். கடைசிப் பக்கத்தில்தான் கோலப்பன் இருப்பான்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய படங்களும் கடிதங்களும். கரையான் வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருக்கிற திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு பெரிய நூலகத்திலிருந்து — பெயர் வேண்டாம் — சூப்பிரண்டு சார் ஒருவர் வீட்டுக்கே வந்தார். மலையாளி. நல்ல மனுஷர். சின்ன வயதில் தமிழ் வாசிக்கத் தெரியாமல், வெறும் படத்தைப் பார்த்தே கோலப்பனுக்குச் சிரித்தவராம்.

"அம்மச்சி, இது கரையானுக்குக் கொடுக்கிற சாதனமா? நாங்க பத்திரமாய் வைக்கும். நூறு கொல்லம் இருக்கும்" என்றார். சாதனம் என்றால் அவர் பாஷையில் பொருள்.

நூறு வருஷம் என்றதும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். தமிழில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் அந்தத் தாளில் வேறு என்ன செய்ய முடியும்? பெட்டிகள் ஜீப்பில் ஏறிப் போயின.

இங்கே என் வீட்டுக்காரருடைய ஒரு பழக்கத்தைச் சொன்னால்தான் அப்புறம் நடந்தது புரியும்.

கோலப்பனுக்குக் கடிதம் வரும். அவருக்கு இல்லை, கோலப்பனுக்கு. பிள்ளைகள் எழுதுவதைப் பத்திரிகை ஆபீஸில் கட்டாகக் கட்டி இவருக்கு அனுப்பிவிடுவார்கள். 'கோலப்பன் மாமா, எங்கள் கணக்கு வாத்தியாரை உங்கள் பஸ்ஸில் ஏற்றி எங்கேயாவது தூரமாக விட்டுவிடுங்கள்' — இந்த மாதிரி. இவர் அதைச் சத்தமாகப் படிப்பார். நான் சமையல்கட்டிலிருந்து கேட்பேன். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் போடுவார். மறுபக்கத்திலேயே கறுப்பு மையைத் தொட்டு வரைய ஆரம்பித்துவிடுவார். வாத்தியார் ஏறுவார், விசில் ஊதும், பஸ் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்...

எந்தப் பிள்ளைக்கும் அவர் பதில் கடிதம் போட்டதில்லை. அந்தப் படம்தான் பதில். பிறகு அதைப் பார்த்துப் பெரிய தாளில் திருத்தமாக வரைந்து மதுரைக்கு அனுப்புவார். அச்சான பிறகு எதுவும் திரும்பி வந்ததில்லை. வீட்டில் மிஞ்சியது இந்த முதல் படங்கள்தான். ஒரு பக்கம் பிள்ளையின் எழுத்து, மறுபக்கம் அவர் கை.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். "எல்லாம் எப்படி வைத்திருக்கிறோம், வந்து பாருங்க" என்று சார் சொல்லி அனுப்பியிருந்தார். சந்திரா ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நீள மேஜை. ஒரு பக்கம் சாம்பல் நிற அட்டைகள். நடுவில் ஒரு சட்டி நிறைய மைதா பசை. பைண்டர் செல்லையன் ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டு, அகலமான பிரஷ்ஷால் முழுக்கப் பசை தடவ ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்துக்காரர்.

கவிழ்த்துப் போட்ட தாளில் மேலே தெரிந்தது என்ன? பிள்ளை எழுத்து.

"என்ன செய்யுதீங்க?" என்றேன்.

"படத்த அட்டையில ஒட்டுதேன் அம்மா. சார் சொன்னாவ."

சார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அட்டையில் ஒட்டினால்தான் படம் சுருளாதாம், கிழியாதாம், கண்ணாடி போட்டு மாட்டலாமாம். அதுதான் ரூலாம். கடிதங்களுக்கு 'கறஸ்பாண்டன்ஸ்' என்று வேறு பிரிவு உண்டு என்று ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். பத்திரிகை ஆசிரியர்களும் பெரிய மனுஷர்களும் இவருக்கு எழுதியவை. எல்லாவற்றுக்கும் நம்பர், சிவப்பு நாடா, நடுவில் அந்துருண்டை.

அந்தக் கடிதங்களை எனக்குத் தெரியாதா? முக்கால்வாசியில் ஒரே சங்கதிதான் — 'இந்த வாரப் படம் இன்னும் வந்து சேரவில்லை.' அதற்கு நாடா!

"அப்ப இந்தப் பிள்ளைங்க எழுதினது?"

"அது கறஸ்பாண்டன்ஸ் அல்லல்லோ அம்மச்சி. பேப்பருக்கு ஒரு பின்பக்கம் உண்டு. அவ்வளவுதான்."

அப்போதுதான் என் கை இரண்டும் மேஜை மேல் போனது.

"எடுக்க மாட்டேன். பசையைத் தள்ளி வையுங்க."

"அம்மா, ஆபீஸ் இது. மெதுவா" என்று சந்திரா என் முழங்கையைக் கிள்ளினாள்.

மெதுவாகத்தான் பேசினேன். எனக்குச் சத்தம் வராது. கை மட்டும் எடுக்கவில்லை.

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இனி இது லைப்ரரியோட சாதனமாக்கும். அம்மச்சி கையொப்பு போட்டுத் தந்ததல்லோ?"

"தந்தேன் சார். ரெண்டு பக்கமாத்தான் தந்தேன். ஒரு பக்கம் போதும்னு அந்த இங்கிலீஷ் தாள்ல எழுதியிருக்கா? வாசிச்சுச் சொல்லுங்க."

பாவம், நிஜமாகவே எடுத்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். தாளை மடித்து வைத்தார்.

"இது பின்பக்கம்னு யார் சார் முடிவு பண்ணினது? கடுதாசிதான் முதல்ல வந்தது. அது வரலேன்னா படமே கிடையாது. பதிலைக் கண்ணாடி போட்டு மாட்டுவீங்க, கேள்வியைப் பசை போட்டு மூடுவீங்களா?"

பைண்டர் செல்லையன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அம்மா சொல்லுதது நியாயம்தான் சாரே. நான் வாசிச்சிட்டுத்தான் தடவுதேன். ஒரு பய எழுதியிருக்கான், அவன் அக்கா கல்யாணத்துக்குக் கோலப்பன் பஸ்ஸோட வரணுமாம்."

"வாசிச்சிட்டுமா தடவினீரு?" என்றாள் சந்திரா. அவள் கட்சி மாறிய இடம் அதுதான்.

"சிரிப்பு வந்துது மக்கா. சிரிச்சிட்டுத் தடவினேன். வேலையாச்சே."

எத்தனை ஒட்டியாகிவிட்டது என்று கேட்டேன். மூன்று. அன்றைக்குக் காலையில் ஒட்டியவை. பாரக்கல்லுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தன. கல்லைத் தூக்கிக் காட்டினார். மூன்றாவது படத்தை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோலப்பனின் பஸ் மலை ஏறுகிறது. பயணிகள் எல்லோரும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். மேலே ஒரு சின்னப் பெண் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அதன் மறுபக்கத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். மலைமேல் இருக்கிற போனக்காட்டிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்களின் பெண், பெயர் ராஜாத்தி. 'கோலப்பன் மாமா, எங்க லைனுக்கு பஸ் வராது. அம்மாவுக்கு வலி வந்தப்போ கட்டிலோட தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. தம்பி வழியிலேயே பிறந்து செத்துப் போச்சு. நீங்க ஒரு தடவை வாங்க. நாங்க சும்மா ஏற மாட்டோம். டிக்கெட் எடுப்போம்.'

அதைப் படித்த அன்றைக்கு இவர் தாளை உடனே திருப்பவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாள் சாயங்காலம்தான் திருப்பினார்.

"ஒரு ஈரத்துணி தாங்க" என்றேன்.

"வேண்டாம் அம்மச்சி. கிழிஞ்சு போகும். அப்ப படமும் இல்லாதாகும்."

சாருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கோலப்பன் படத்தில் பேச்செல்லாம் என் கையெழுத்து. இவர் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். அதனால் கோலப்பனும் மற்றவர்களும் பேசுவதை நான் சின்னத் துண்டுத் தாளில் எழுதுவேன், இவர் அதைப் படத்தின் மேல் ஒட்டுவார். மதுரையிலிருந்து 'இந்த வார்த்தையை மாற்றுங்கள்' என்று படம் திரும்பி வந்தால்? ஈரத்துணியை வைத்து, ஊறவிட்டு, துண்டை உரித்து, வேறு ஒட்டித் தருவது என் வேலை. மைதா பசையோடு எனக்கு இருக்கிற பழக்கம் அந்த நூலகத்தில் யாருக்கும் கிடையாது.

முதல் தாளை எடுத்தேன். துணியை வைத்தேன். பொறுமையாக ஓர் ஓரத்திலிருந்து உரித்தேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கறுப்பு மை தண்ணீரில் கரையாது. ஆனால் அட்டையில் நீலமாக ஏதோ கசிந்தது. திருப்பிப் பார்த்தால்... பவுண்டன் பேனாவில் எழுதிய கடிதம். ஒரு எழுத்து மிச்சமில்லை. தாள் முழுக்க நீலக் கறை.

எந்தப் பிள்ளை எழுதியது, எந்த ஊர், என்ன கேட்டது — இனி யாருக்கும் தெரியாது. எனக்கும் ஞாபகமில்லை.

சார் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் கோலப்பன் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான்? அதைச் சொல்ல வேண்டியது மறுபக்கம்தான்.

"போதும் அம்மா. மிச்சத்தை விட்டுடு" என்றாள் சந்திரா.

விடவில்லை. இரண்டாவதை எடுத்தேன். பென்சில் எழுத்து, பிழைத்தது. மூன்றாவது ராஜாத்தியுடையது. அதுவும் பென்சில்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை மற்ற இரண்டையும்விட மெதுவாக உரித்தேன். 'டிக்கெட்' என்கிற இடத்தில் தாளின் தோல் கொஞ்சம் உரிந்து அட்டையோடு போயிற்று. மற்றதெல்லாம் அப்படியே வந்தது.

சாருக்குத் தமிழ் வாசிக்க வராது. "என்ன எழுதியிருக்கு?" என்று செல்லையனிடம் கேட்டார். செல்லையன் வாசித்தார். கட்டில் என்கிற இடத்தில் ஒரு தடவை நிறுத்தினார். பிறகு முழுக்க வாசித்தார்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிளாஸ்டிக் உறை போட்டால் ரெண்டு பக்கமும் காணும்" என்றார். "ஆனாலும் மேலே கேட்கணும். ரூல் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

"கேளுங்க சார். நல்லாக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நான் தினமும் வந்து இங்கே உட்கார்ந்திருக்கேன்."

"தினமுமா? எத்தனை நாள்?"

"எல்லாத் தாளும் உறைக்குள்ள போற வரைக்கும்."

புதன் போனேன். வியாழன் போனேன். இதை எழுதுகிற இன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்தேன். மேலே கேட்ட பதில் இன்னும் கீழே வரவில்லை. எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. செல்லையன் எனக்காகப் பசைச் சட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என் முன்னால் வைக்கிறார்.

பத்திரப்படுத்துவது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதைப் பத்திரப்படுத்துவது என்று தீர்மானிக்கிறவர்கள் எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பெரிய மனுஷனின் இரண்டு வரிக்கு நாடா கட்டுகிற கை, தாயைக் கட்டிலோடு தூக்கிப் போனதைப் பார்த்த பிள்ளையின் எழுத்தில் பசை தடவுகிறது. கெட்ட எண்ணத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது வந்த கடிதங்கள் இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளை நீலக் கறையாகப் போயிற்று.

படிப்பில்லாத கிழவிக்கு லைப்ரரியில் தினமும் என்ன வேலை என்று வாசல் காவல்காரர் சந்திராவிடம் கேட்டாராம்.

அவருக்கு என்ன வேலையோ, அதே வேலைதான்.