பட்டு மாதிரி ஓடிய வண்டி

காலையில் துணி காயப்போடக் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டும்போது, கீழே கார் பார்க்கில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். வண்டி நகர்ந்ததும் சலக் சலக்கென்று சத்தம். செயின் தளர்ந்து தொங்குகிறது, இறுக்க வேண்டும். எண்ணெய் விட்டும் நாளாகியிருக்கும். இத்தனை மாடி உயரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அடுத்த சட்டையை உதறிக் கழியில் கோத்தேன்.

நான் வண்டி ஓட்டியவள் இல்லை. சைக்கிள்கூட வராது. தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றது. அங்கேயும் வாய்ப்பாடு சொல்ல எழுப்பினால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்; வாத்தியார் அலுத்துப்போய் உட்காரச் சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவள் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு ஆண்பிள்ளைகள் நடுவில், வாயால் மோட்டார் சைக்கிள் சத்தம் போட்டேன் என்றால் நம்புவீர்களா?

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் பட்டறையில் துருத் தட்டும் வேலை. எத்தனை தோய்த்தாலும் சட்டையில் இரும்பு வாசனை போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவா சூ காங் வீட்டிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளில் தேக்காவுக்கு மீன் வாங்கப் போவோம். அந்த வாசனைக்குப் பின்னால் உட்கார்ந்து வருவேன். பேச மாட்டேன். பேசாதவளுக்குக் காதுதானே வேலை செய்யும்.

ஒருநாள் வண்டியில் ஏதோ சத்தம் என்று சந்தில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் மணியம் எங்களைவிட வயதில் சின்னவர். எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டால் இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மணியம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க லா. பின்னால சும்மாதானே உக்காந்து வர்றீங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு "டிக்டிக்டிக்" என்றேன். தையல் மிஷின் மாதிரி. எஞ்சின் சூடான பிறகும் வருகிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். எஞ்சினுக்குள் டேப்பெட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி மூடியைக் கழற்றிச் சரிசெய்தார். அதிலிருந்து எங்களைக் கண்டாலே, "இன்னிக்கு என்ன பாட்டு அண்ணி?" என்பார். குவாலிச் சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டுவது போல ஒரு தடவை செய்துகாட்டினேன், பிரேக் தேய்ந்திருந்தது.

கொஞ்ச காலம் கழித்து இவர், வண்டி பட்டு மாதிரி ஓடுகிறது, சத்தமே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கோ முன் சக்கரம் முனகுவது கேட்டது. அவரே சொல்கிறாரே, கோளாறு என் காதில்தான் என்று இருந்துவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். வீட்டிலும் அப்போது எதற்கும் "ம்" தான். வயதாக ஆகக் கோபம் குறைந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

புக்கிட் தீமா சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி மெல்ல அடுத்த வரிசைக்கு ஒதுங்கியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. இவர் திரும்பவே இல்லை. லாரி கிறீச்சிட்டு என் முழங்கால் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்த சிக்னலில் லாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். இவர் நேராகப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நல்லா ஓடுதுல்ல?"

அன்றைக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் இறங்கியதும் இவர் மணியத்தின் கைராசியைப் புகழ்ந்தார். மணியம் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். உர்ர்ரென்றது.

"இதுவா பட்டு? என்ன அண்ணி, இதக் கேட்டுக்கிட்டேவா வந்தீங்க?"

இவர் சிரித்தபடி நின்றார். சொன்னால் வண்டி போய்விடும் என்று எனக்குத் தெரியும். சாகிறவரைக்கும் ஓட்டுவேன் என்று சொன்னவர் அவர். இந்தத் தடவை வாயை மூட முந்தானையை எடுக்கவில்லை.

"பேரிங் மாத்தினா வண்டி சரியாயிடும் தம்பி. இவருக்குத்தான் காது கேக்கல. லாரி ஹாரனே கேக்கல."

நான் இவ்வளவு பேசி மணியம் பார்த்ததில்லை. "என்ன சொல்றா?" என்று இவர் அவரிடம் கேட்டார். மணியம் கையைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்து, நான் சொன்னதையே உரக்கச் சொன்னார். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். இவர் என்னைத் திட்டவில்லை. சாவியை எடுத்து சீட்டின்மேல் வைத்தார்.

பேரிங் மாற்றி வண்டியை யாருக்கோ விற்றுக் கொடுத்தார் மணியம். பட்டறை இருந்த இடத்தில் இப்போது சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. இவர் பின்னாளில் படுக்கையில், தூக்கத்திலேயே போனார். சாலையில் போகவில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்குக் காப்பி கலந்தேன்.

சாவியை வைத்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு இடம் இருந்தாலும் அப்படியே வந்தோம். நாலு பேர் பார்க்க அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கு அந்த வண்டியின் பின்சீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. அன்று பட்டறையில் இது தோன்றவில்லை.