கைத்தடியை பெஞ்சில் விட்டுப் போன ஞாயிறு

“...எதையும் பிடிக்காம, ஒத்தைக் கால்ல, பத்து எண்ணுற வரைக்கும் நின்னேன்க்கா! தெரபிஸ்ட் பொண்ணே ‘சூப்பர் ஆன்ட்டி’ன்னு கை தட்டிட்டா!” என்றாள் என் ஓரகத்தி ஸ்டெல்லா.

குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு நானும், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளும் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரே பிசியோதெரபி சென்டருக்குப் போகிறோம். அவளுக்குச் செவ்வாய், எனக்கு வியாழன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே என்னால் நாலு எண்ணும் வரைதான் நிற்க முடியும். என் வீட்டுக்காரர் வேறு, “ஸ்டெல்லாவப் பாத்துக் கத்துக்கோ” என்றார். வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

அந்த ஞாயிறு மாதா கோயிலில், அவள் பார்க்கட்டும் என்றே கைத்தடியை பெஞ்சில் விட்டுவிட்டு நற்கருணை வாங்கப் போனேன். வாங்கித் திரும்பும்போது கால் பின்னி, உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. பின்னால் நின்ற ஸ்டெல்லாதான் இடுப்பை வளைத்துப் பிடித்தாள்.

“யாருக்குக் காட்ட இந்த சர்க்கஸ்?” என்று காதோரம் கடிந்தாள்.

“உனக்குத்தான்டி” என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் பின்னால் நாற்காலி போட்டு, மேடையைப் பிடித்துத்தான் பயிற்சி செய்கிறேன். தடியில்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

நேற்று வீட்டுக்கு வந்த ஸ்டெல்லாவிடம், “எங்கே, உன் பத்தைக் காட்டு பார்ப்போம்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சமையல் மேடைப் பக்கம் வந்து நின்றாள். பிறகு, மேடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள்.