சுருக்குப்பைக் குத்து

வெளுத்த பேண்டேஜ் துணியில் சலவைத்தூள் வாடை அடிக்கும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் எந்நேரமும் அந்த வாடைதான். அப்பா பேண்டேஜ் தறி ஓட்டியவர், அவர் கொண்டுவரும் கழிவுத் துண்டுகளை நானும் தம்பி சேகரும் விரல்முட்டியில் சுற்றிக்கொண்டு, தெருவில் பார்ப்பவர்கள் "என்னட்டி, கையில அடியா?" என்று பதறும்படி திரிவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேகர் எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூடக் குத்துச்சண்டைக் குழுவில் இருந்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்த எனக்குக் குழு ஏது? பெண்பிள்ளைக்குக் குத்துச்சண்டை என்றால் அப்போது சிரித்திருப்பார்கள். ஆனால் வீட்டில் அவன் பழக ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "மூஞ்சில மட்டும் கை பட்டுச்சு, ரெண்டு பேரையும் வெளக்கமாத்தாலயே சாத்திப்புடுவேன். நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

ஆகவே கழுத்துக்கு மேலே எங்களுக்கு உலகமே இல்லை. வயிற்றில் பழைய பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு மாறிமாறிக் குத்துவோம். முதுகை வளைத்துக் குனியக் கூடாது, முட்டியை மடக்கித் தாழ வேண்டும், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து இடுப்பைத் திருப்பிக் குத்த வேண்டும் என்பதுவரை பள்ளியில் அவனுக்குச் சொல்லித்தந்தார்கள். எங்கே குத்துவது என்று கண்டுபிடித்தவள் நான், வாங்கியவள் நான்தானே! நடுவயிற்றில் பட்டால் மூச்சு முட்டும், பொறவு சரியாகிவிடும். வலது விலா முடிகிற இடத்தில் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாது. செத்த நேரத்தில் காலிலுள்ள பலமெல்லாம் வடிந்து, உட்கார்ந்தால் போதும் என்றாகிவிடும். அம்மா சுருக்குப்பை செருகுகிற இடம் அது, நாங்கள் வைத்த பெயரும் "சுருக்குப்பை"தான். சோறு வடிக்கும்போதுகூட எனக்கு முட்டி மடங்கும், இடது கை துறுதுறுக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டி. அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ தோத்துட்டு வந்தான்னா அம்புட்டுத்தான். கிளவுஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், தறிக்கு வரட்டும்." அவன் நிறுத்தினால் எனக்கும் நின்றுவிடுமே என்ற பயத்தில், இடம் காலியாக இருந்தும் பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை.

எதிராளி சேகரைவிட ஒரு தலை உயரம். முதல் இரண்டு சுற்றும் அவன் கை சேகரின் முகத்திலேயே விளையாடியது. சேகர் அடித்ததெல்லாம் வயிற்றில், அதை யாரும் அடியாகவே மதிக்கவில்லை. "ஏலே, மூஞ்சில குத்துலே! மாவா பெசையுத?" என்று கூட்டம் கத்தியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் சுற்றில் அந்த நெட்டையன் வயிற்றுவலி தாங்காமல் இரண்டு கையையும் முன்னால் இறக்கினான். முகம் திறந்து கிடந்தது, சேகரின் கை அங்கே போகவே இல்லை. பழகாத இடமாயிற்றே! அடப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டபோதுதான், நெட்டையனின் வலது முழங்கை விலாவைவிட்டு விலகி நிற்பதைப் பார்த்தேன். கயிறுவரை ஓடி, "சேகரு, சுருக்குப்பை! சுருக்குப்பைலே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் பதறிப்போய்த் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

சேகரின் முட்டி மடங்கியது, இடது கை உள்ளே போனது. நெட்டையன் ஓரடி எடுத்துவைத்தான், ஏதோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்தான், மண்டியிட்டான். நடுவர் பத்து எண்ணியும் எழவில்லை.

அப்பா சேகரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பால்கோவா வாங்கித்தந்தார். அந்த வெற்றியால் அவனுக்கு வெளியூர் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. தோற்றால் நின்றுவிடும் என்று பயந்தேனே, ஜெயித்ததில் நின்றுபோயிற்று! அவன் பெட்டியோடு பஸ் ஏறிய அன்றே அம்மா தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் காயப்போட்டுவிட்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, குத்த ஆளில்லை.

போட்டி நடந்த திடலில் இன்று கல்யாண மண்டபம். விளையாட்டுச் சாமான் கடையில் பெண்பிள்ளைகளுக்கென்றே கிளவுஸ் தொங்குகிறது. அந்தக் கடையை மட்டும் நான் வேகமாகக் கடந்துவிடுவேன். சேகருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், சோற்றுக் கரண்டியோடு நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவனுடைய வலது முழங்கை தானாக இறங்கி விலாவை மூடிக்கொள்கிறது.

"என்னலே பயம்?" என்பேன்.

"ஒன்ன நம்ப முடியாதுக்கா" என்பான்.

நான் குத்துச்சண்டைக்காரி என்பது உலகத்தில் அந்த முழங்கை ஒன்றுக்குத்தான் தெரியும்.