படத்தில் விமானம் மட்டும் போதுமாம்

பழைய படத்தைப் பார்த்து விமானத்தின் பெயரைச் சொல்வது சம்பளமில்லாத வேலை. வசவு மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து சேரும்.

எனக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சங்கக் கொடி ஏற்றியதற்காக என்னை வேலையை விட்டுத் துரத்தினார்கள். இரண்டாவது, அதே கொடிக்காகச் சிறைக்குப் போய்வந்தேன்; அப்படியும் சங்கத்தின் ஆண்டு மலரில் ஊர்வலப் படத்தைப் போட்டவர்கள் என்னை வெட்டியெடுத்துவிட்டு, தலைவரின் தோள்மேல் கிடந்த என் கையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். மூன்றாவது, நான் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரு விமானப் படம் பத்திரிகையில் வேறொருவர் பெயரில் வந்தது. நான்காவது அநியாயம் எனக்கு நேர்ந்ததல்ல. அதனால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை.

இதே நோய் பிடித்து, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உருகினால் கம்பி

நான் பள்ளியில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. கூலி, போனஸ், ரஷ்யா, மே தினம் எல்லாம் அப்படி வந்தவைதான். பொன்னேரி பழைய பேப்பர் கடையில் ஒருமுறை யுத்தகாலத் துண்டறிக்கைக் கட்டு ஒன்று கிடைத்தது. நம் விமானம், எதிரி விமானம் என்று கறுப்பு நிழலாக அச்சடித்திருந்தார்கள். அதையும் விடாமல் படித்து மனப்பாடம் செய்தேன்.

அப்போது ஆலையில் பழைய இரும்பு தரம் பிரிக்கும் இடத்தில் எனக்கு வேலை. ஒரு நாள் லாரியிலிருந்து விமானச் சக்கரத்தின் கால் ஒன்று விழுந்தது. பார்த்தவுடன் பெயரைச் சொன்னேன். யுத்தத்தில் பறந்தது, ஓரமாக எடுத்து வையுங்கள், உலையில் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். மேற்பார்வையாளர் அதைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேரு இன்னாவா இருந்தா உனுக்கு இன்னாய்யா? உருக்கிட்டா அல்லாம் கம்பிதான்!"

வேப்பம்பட்டு விமானி

வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கையில் சட்டம் போட்ட படம். தாத்தா விமானத்தில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறார். யுத்தத்தில் ஓட்டினாராம், விமானத்தின் பெயர் தெரிந்தால் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுவிடலாமாம்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இறக்கையில் ஆணித் தலைகள் தெரிந்தன. விசிறியின் நிழல் மேகத்தின்மேல் விழுந்திருந்தது. மேகம் திரைச்சீலை, விமானம் பலகை. திருவிழாவில் போட்ட போட்டோ ஸ்டூடியோ. எந்த நாட்டிலும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யாத விமானம் ஐயா இது, தச்சர் செய்தது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் மனைவிதான் என் பக்கம் குனிந்து சொன்னார்: "பொண்ணு ஊட்ல சொல்லிட்டோம் சார். கல்யாணம் முடியறவரிக்கும் பறக்க வுடுங்களேன்."

கீழே ஒன்றுமில்லை

இனி நான்காவது அநியாயத்துக்கு வருகிறேன். பழைய படங்கள் சேகரித்துக் கண்காட்சி நடத்தும் கனவான் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்கும். என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். பழவேற்காடு ஏரிக்கரையில் யுத்தகாலத்தில் எடுத்தது. ஒரு மூக்கு, உடம்பின் உச்சியில் ஒட்டிய இறக்கை, சட்டத்துக்குள் அகப்பட்ட ஓர் இயந்திரம். அவ்வளவுதான். பெயர் சொல்லுங்கள் என்றார்.

எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரியும், நமக்கு முதலில் வேண்டியது கால். சக்கரம் எங்கே முளைக்கிறது, வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்க்காமல் நாம் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் இன்னும் நல்லது. அவர்தான் நம் அளவுகோல். இந்தப் படத்திலோ கீழ்ப்பாதியே இல்லை. வெட்டியிருக்கிறீர்களே, கீழே என்ன இருந்தது என்று கேட்டேன். அவர் அலுத்துக்கொண்டு சொன்னார்: "கீழ ஒண்ணுமே இல்ல சார், எவனோ ஒரு மீன்காரன் நின்னுனு இருந்தான்."

பூண் தெரிகிறது

சண்டை போட்டு முழுப் படத்தை வாங்கினேன். அந்த 'ஒன்றுமில்லை' அதில் நிமிர்ந்து நின்றார். தோளில் வலைக்கயிறு, அதன் மறுமுனை விமானத்தின் காலில். கையில் படகு தள்ளும் கழி, பக்கத்தில் ஊன்றியிருக்கிறது. விமானத்தின் வயிறு அவர் முழங்காலுக்குக் கீழே. சக்கரத்தில் பாதி உடம்புக்குள் போயிருக்கிறது.  அப்படி வாத்து போலத் தரையில் உட்காரும் விமானம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் சேற்றில் புதைந்தாலும் எந்த விமானமும் வாத்துதான். புதைந்ததா, பிறவியே அப்படியா?

படத்தைக் கனவான் வாங்கிய வீட்டைத் தேடி ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா அக்கா எழுபதைத் தாண்டியவர், இன்னும் மீன் கூடை தூக்குகிறார். படத்தில் நிற்பவர் அவருடைய அப்பா. பிரதி எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன படம் திரும்பி வரவேயில்லை. கைப்பேசியில் அப்பாவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். என் சந்தேகத்தைச் சொன்னேன். "இன்னா தலைவரே, இது தெரியலியா? எங்க நைனா கழிய நட்டுக்கினு நிக்கிறாரு பாரு" என்று சொல்லி, துணி உலர்த்தக் கட்டியிருந்த அதே கழியை அவிழ்த்துக் கொண்டுவந்தார். நுனியிலிருந்து ஒரு சாண் மேலே பித்தளைப் பூண். சேற்றில் ஊன்றினால் பூண் உள்ளே போய்விடும். படத்தில் பூண் மணலுக்கு மேலே தெரிகிறது. அடியில் கெட்டித்தரை. விமானம் புதையவில்லை, பிறவியிலேயே தாழ்ந்த வயிறு மணல்மேட்டில் தட்டி நின்றிருக்கிறது, ஊரே கயிறு கட்டி இழுத்ததாம்.

அட்டலாண்டா, எனக்குத் தெரிந்த அந்த ஒரே வாத்து! நான்கு இயந்திரம், உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். நான் அந்த வாசலிலேயே குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. கழியை மறுபடியும் கட்டிக்கொண்டே கேட்டார்: "பிளேனு பேர கேட்டுக்கினு ரெண்டு பேரு வந்தீங்க. எங்க நைனா பேர எவனாவது கேட்டீங்களா?"

கனவானுக்கும் எனக்கும் இதில் வித்தியாசமில்லை என்று புரிந்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பெயரைக் கேட்டுக்கொண்டேன். படத்தோடு அந்தப் பெயரும் ஊரறிய வரும், வரவைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா நம்பவில்லை: "அவுரும் இப்டித்தான் சொல்லிட்டுப் போனாரு."

திருவள்ளூர் மண்டபம்

விமானத்தின் பெயரோடு மனிதரின் பெயரையும் கனவானுக்கு எழுதி அனுப்பினேன். திருவள்ளூரில் கண்காட்சி. அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். நடுச்சுவரில் ஆளுயரத்துக்குப் படம்: மூக்கு, இறக்கை, இயந்திரம். அடியில் 'அரிய அட்டலாண்டா' என்றும், அதற்குக் கீழே கண்டறிந்தவர் என்று கனவானின் பெயரும். என் பெயர் இல்லாதது எனக்குப் பழக்கம். அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்று, எங்க நைனா எங்கே என்று சட்டத்தின் கீழ்விளிம்பைக் கையால் தடவினார்.

கனவானிடம் போனேன். அக்காவைப் பார்த்துவிட்டு, ஜனங்க பிளேன் பார்க்கத்தான் வராங்க என்றார். முழுப் படத்தை மாட்டுங்கள், இல்லையென்றால் பெயரையாவது எழுதுங்கள் என்றேன். அவர் சிரித்தார்: "பிரிண்ட் ஆயிடுச்சு தலைவரே, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

அடுத்த வாட்டி என்ற சொல்லை ஆலை வாசலில் ஆயுள் முழுக்கக் கேட்டவன் நான். மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினேன். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பதுபோல ஆரம்பித்தேன். வந்திருப்பவர்கள் எல்லாரும் சாட்சி. இந்த விமானத்தை மணலிலிருந்து மீட்ட ஊராரில் ஒருவர் இருக்கிறார், இது என்ன விமானம் என்று எனக்கு அடையாளம் காட்டியவரும் அவரே, அவரைத்தான் இந்தச் சட்டத்துக்கு வெளியே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் மகள் இதோ நிற்கிறார். அக்கா கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார்: "பேர சொல்லு தலைவரே, பேர சொல்லு!"

இத்தனை வருஷத்தில் விமானங்களின் பெயரைச் சொன்னபோதெல்லாம் டீ கொடுத்தவர்கள், ஒரு மனிதரின் பெயரைச் சொல்லப் போனதும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள் என்பதால், ஊர்வலத்தில் பழகிய தொண்டையாலேயே அத்தனை சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தேன்: "பழவேற்காட்டு ஏரிக்கரை, வேம்புலி மகன் தேசப்பன்!"