தங்கப்பொண்ணு பெருக்குகிறாள்

கே.கே. நகரில் இருந்த அந்தப் பதிப்பகத்து மாடிக்குள் நுழைந்ததுமே சரண்யாதேவிக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தின் இலக்கணப் பகுதியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல டீச்சர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். பக்கத்தைப் புரட்டும் முன்பே ஆளுக்கொரு பொன்னாடை, போட்டோ, பிரியாணி. மற்ற நாலு பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டே 'பிரமாதம்' என்று போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சே, இதுவும் ஒரு பிழைப்பு!

அவள் படித்தாள். வில்லாபுரத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் வரப்போவது இந்தப் புத்தகம்தான். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் அங்கே பாதிப் பேர்.

காலங்களைப் பற்றிய பாடம் வந்தது; இங்கிலீஷில் மூன்று உதாரண வாக்கியங்கள். தங்கப்பொண்ணு தரையைப் பெருக்குகிறாள். தங்கப்பொண்ணு தரையைப் பெருக்கினாள். தங்கப்பொண்ணு தரையைப் பெருக்கிக்கொண்டே இருப்பாள். எந்தக் காலமானாலும் அவள் கையில் துடைப்பம்தான். அடுத்த பக்கத்தில் ராகுல் விமானத்தில் பறக்கிறான்.

தங்கப்பொண்ணு சரண்யாவின் அம்மா. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில், மகள் படித்த பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கியவள். இங்கிலீஷ் வாத்தியார் செல்வக்குமார் இதே வாக்கியங்களைத்தான் போர்டில் எழுதுவார். வகுப்பே சரண்யாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்; வாத்தியாரும் சிரிப்பார். அந்த வருஷம் முழுக்க அவள் தலை நிமிரவில்லை. படித்தால் இங்கிலீஷ்தான் படிப்பது என்று அவள் பிடிவாதம் பிடித்ததும் அந்தச் சிரிப்பால்தான்.

அதே செல்வக்குமார், இப்போது ரிட்டயராகி, இந்தப் புத்தகத்தை எழுதியவராக எதிரே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினாள்.

"அந்தப் பாடமாம்மா? வருசக்கணக்கா நான் போர்டுல எழுதுனது. பிள்ளைகளுக்குச் சாகுற வரைக்கும் மறக்காது."

"மறக்கல சார். நான் தங்கப்பொண்ணு மக."

பல்குச்சி ஒரு கணம் நின்றது. "அட, நீயா! எம்புட்டுப் பெரிய ஆளாயிட்ட! வெறும் பேருதானம்மா, மனசுல வச்சுக்காத. இலக்கணத்துல தப்பு இருக்கா, அத மட்டும் சொல்லு."

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? கையெழுத்தப் போடு."

சரண்யா பேனாவைத் திறந்தாள். தங்கப்பொண்ணு என்ற பேரை அடித்துவிட்டு அந்த இடத்தில் செல்வக்குமார் என்று எழுதினாள். எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் மாற்றி வாசித்தாள்.

"செல்வக்குமார் தரையைப் பெருக்குகிறான். செல்வக்குமார் தரையைப் பெருக்கினான். செல்வக்குமார் தரையைப் பெருக்கிக்கொண்டே இருப்பான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது.

"என்ன, திமிரா?"

"இலக்கணத்துல தப்பு இருக்கா சார்?"

செல்வக்குமார் தாளை வெடுக்கென்று பிடுங்கினார். தன் பேரை, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். அதற்கு மேலே, நிறுத்தி நிதானமாக, மறுபடியும் தங்கப்பொண்ணு என்று எழுதினார்.

சீ என்றாகிவிட்டது அவளுக்கு. தோளில் கிடந்த பொன்னாடையை உருவி அந்தத் தாளின் மேலேயே போட்டாள். கையெழுத்துப் போடாமல் படியிறங்கிப் போனாள்.